ஆயுத பூஜைக்குப் போங்க, ஸ்வீட் பாக்ஸை அப்புறம் பார்க்கலாம்

தீபாவளி நெருங்கினால் கோயம்புத்தூரில் தொழில் செய்கிற எல்லாருக்கும் ஒரே கவலைதான்: யாருக்கு எத்தனை கிலோ. அரைக் கிலோவா ஒரு கிலோவா, மைசூர்பாகு மட்டுமா காரமும் சேர்த்தா, போன வருஷம் அந்த பர்ச்சேஸ் மேனேஜருக்கு என்ன கொடுத்தோம், அவர் மாறிப் போய்விட்டாரே, புது ஆளுக்கும் அதே அளவா... லிஸ்ட் போட்டு, வண்டி பிடித்து, கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவோம். அந்தப் பெட்டி உள்ளே போனதா, யார் மேசையில் உட்கார்ந்தது, யார் வீட்டுக்குப் போனது என்பதெல்லாம் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பண்டிகைக் காலத்தில் தொழில் பழக்கத்தை வளர்க்க இவ்வளவு பணத்தைச் செலவு செய்து இவ்வளவு குறைவாகப் பலன் தருகிற வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்னால் ஆயுத பூஜை வருகிறது. கிட்டத்தட்டச் செலவே இல்லை, வேலையும் நடக்கிறது, ஆனால் அதைத் தொழில் பழக்கம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் கோயம்புத்தூரில் கணபதி ஏரியா பக்கம் ஒரு சின்ன மெஷினிங் பட்டறை, அதாவது இரும்பைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவருகிற பட்டறை, நடத்துகிறேன். பம்புக்கும் மோட்டாருக்கும் ஷாஃப்ட், ஹவுசிங், அப்புறம் வருகிற ஜாப் ஆர்டர்கள். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே ஒரு பம்பு முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. வார்ப்பு ஒரு பவுண்டரியில், டர்னிங் என்னைப் போன்ற ஒருவரிடம், ஹீட் ட்ரீட்மெண்டுக்கு இன்னொரு இடம், கிரைண்டிங்குக்கு அதற்கடுத்த தெரு, பிளேட்டிங்குக்கு ஊரின் மறுகோடி, கடைசியில் அசெம்பிளி செய்கிற கம்பெனி என்று ஒரு சாமான் ஊரையே சுற்றி வரும். இத்தனை பேர் பிழைப்பும் ஒன்றையொன்று நம்பித்தான் ஓடுகிறது, ஆனாலும் நமக்குத் தெரிந்தது நமக்கு முன்னால் இருக்கிறவரையும் பின்னால் இருக்கிறவரையும் மட்டும்தான். நாலு தெரு தள்ளி நமக்கு வேண்டிய வேலையை வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருப்பவர் இருப்பார், அவர் முகம்கூட நமக்குத் தெரியாது.

ஆயுத பூஜையன்று அந்த முகங்கள் ஒரே இடத்தில் நிற்கும். மெஷினையெல்லாம் டீசலும் காட்டன் வேஸ்ட்டும் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, திருஷ்டிப் பூசணி உடைத்த பிறகு பொரி, கடலை, சுண்டல், ஒரு ஆரஞ்சோ வாழைப்பழமோ பொட்டலமாகக் கைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால் டூல்ஸ் சப்ளை செய்கிறவர், ஹீட் ட்ரீட்மெண்ட்காரர், டெம்போ ஓட்டுகிறவர், ஆடிட்டர், பேங்க் மேனேஜர், பக்கத்துப் பட்டறை முதலாளி, அவர் மச்சான் என்று வரிசையாக நிற்பார்கள். யாரும் யாரிடமும் வேலை கேட்டு வந்தவர்கள் கிடையாது, பூஜைக்கு வந்தவர்கள். அதனால் பேச்சு சுலபமாக ஓடும். "நீங்க எங்கீங்க கம்பெனி?" என்று ஆரம்பித்தால் போதும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை வெளியில் யாரும் சொல்வதில்லை. சாதாரண நாளில் நீங்கள் ஒரு பட்டறைக்குப் போனால் ஆபீஸ் ரூம் தாண்டி உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் அங்கே ஓடுகிற ஜாப் யாருடையது என்று பார்ப்பது நாகரிகமில்லை என்று நாமே தலையைத் திருப்பிக்கொள்வோம். பூஜையன்று மொத்த ஷாப் ஃப்ளோரும் திறந்து கிடக்கும். எத்தனை லேத், எத்தனை விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடுகிற மில்லிங் மெஷின்), எந்த வயசு மெஷின், எவ்வளவு நீளம் வரை பிடிக்கும், எல்லாம் கண்ணுக்கு முன்னால். மாலை போட்டுப் புது மெஷின் ஒன்று நின்றால் அவரிடம் அளவுக்கு மேல் வேலை இருக்கிறது, இல்லையென்றால் மாதா மாதம் தவணை கட்ட வேலை தேடப் போகிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் நமக்கு அவரோடு பேச விஷயம் உண்டு. பாராட்டினால் அவரே மீதியைச் சொல்லிவிடுவார். புது மெஷின் வாங்கிய மனுஷனிடம் அதைப் பற்றிக் கேட்டால் வாய் மூடமாட்டார், நானும் அப்படித்தான்.

எனக்கு வந்த ஒரு பெரிய ஆர்டரின் கதை இதுதான். எனக்கு ஹீட் ட்ரீட்மெண்ட் செய்து தருகிற அண்ணன் ஒருவரின் பட்டறைப் பூஜைக்கு நான் போயிருந்தபோது பக்கத்தில் நின்றவர் ஒரு மோட்டார் கம்பெனிக்கு ஷாஃப்ட் செய்கிறவர். இரண்டு பேரும் ஆள் கிடைக்காத கஷ்டத்தைப் பற்றிப் பேசினோம், வடக்கிலிருந்து வந்த பையன்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று பேசினோம், அவ்வளவுதான். ஆர்டர் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, கார்டுகூடக் கொடுக்கவில்லை, நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "தீபாவளிக்கு முன்னாடி டெஸ்பாட்ச் போகணும், என் மெஷின்ல ஒண்ணு படுத்துடுச்சு, ஒரு நாலு நாள் மெஷின் டைம் கிடைக்குமுங்களா?" கிடைத்தது. அந்த நாலு நாள் இன்று மாதா மாதம் வருகிற வேலையாக இருக்கிறது.

இது அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை, நாட்களின் கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. 2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1, தீபாவளி அக்டோபர் 20. ஏறக்குறைய எல்லா வருஷமும் இதே இடைவெளிதான். தீபாவளிக்குப் பிறகு பட்டறைகள் ஒரு வாரமாவது மூடிக் கிடக்கும், வெளியூர் ஆட்கள் திரும்பப் பத்து நாள், பதினைந்து நாள்கூட ஆகும். ஆகவே எல்லா டெஸ்பாட்சும் பண்டிகைக்கு முன்னால் போயாக வேண்டும். அதோடு போனஸ். மார்ச்சில் கணக்கு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது நவம்பர் 30க்குள். நம் ஊரில் அது தீபாவளிக்கு முன்னால் என்று ஆகிவிட்டது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்கிற கணக்கு சட்டம் தொடாத சின்னப் பட்டறையிலும் பேச்சுக்கு வரும். போனஸுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு பில் போட வேண்டும், பில் போட வேலை முடிய வேண்டும். அந்த மூன்று வாரத்தில்தான் மெஷின் டைமுக்கு ஊரே அலையும். அப்போது யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? போன வாரம் கூட நின்று பொரி சாப்பிட்டவர்தான் வருவார்.

மார்க் கிரானோவெட்டர் என்று ஒரு அமெரிக்க சமூகவியலாளர், 1973இல் பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களை வைத்து எழுதிய ஆய்வு ஒன்று பிரபலம். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. வருஷத்துக்கு ஒரு தடவை அல்லது அதற்கும் குறைவாக என்றவர்கள் 27.8. தினம் பார்க்கிறவனுக்குத் தெரிந்தது எனக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். கேட்டது ஐம்பத்து நாலு பேரிடம்தான், அதுவும் ஆபீஸ் உத்தியோகக்காரர்களிடம், அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவர்கள் என்றால் எனக்கு வேறு யார், பூஜையில் பார்க்கிறவர்கள்தானே.

சரி, எப்படிப் போவது. பெரிய கம்பெனிகளில் காலையிலேயே முடித்துவிடுவார்கள், சின்ன இடங்களில் நல்ல நேரம் பார்த்து மாலையில் வைப்பார்கள், சிலர் முந்தின நாளே முடிப்பதும் உண்டு. நம் பட்டறையிலும் அன்றைக்குத்தான் பூஜை, வருகிறவர்களை வரவேற்க ஆள் வேண்டும். என் தம்பி வாசலில் நிற்பான், நான் கிளம்பிவிடுவேன். ஒரு இடத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், பத்து இடத்தில் தலையைக் காட்டுவதைவிட நாலு இடத்தில் நிதானமாக நிற்பது மேல்.

எல்லாரும் மேலே பார்த்தே போவார்கள், அதாவது தனக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனிக்கு. அங்கே உங்களைப் போல நாற்பது பேர் க்யூவில் நிற்பார்கள், முதலாளி எல்லாருக்கும் ஒரே சிரிப்பைச் சிரிப்பார். நான் சொல்வது, கீழே போங்கள். உங்களுக்கு வேலை செய்து தருகிற கிரைண்டிங்காரர், மூன்று லேத் மட்டும் வைத்திருக்கிற பட்டறை, உங்கள் சாமானை ஏற்றிப் போகிற டெம்போக்காரர் வண்டிக்குப் போடுகிற பூஜை. ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி தன் பட்டறைக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி கும்பிட்டதை அந்த மனுஷர் மறக்கமாட்டார். அவசரத்துக்கு ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுப்பவர் அவர்தான். அதோடு இவர்களுக்கு எல்லா கம்பெனி வேலையும் வருகிறது, ஊரில் எங்கே என்ன ஓடுகிறது என்று இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. யார் பேமெண்ட் இழுக்கிறார் என்பது உட்பட.

பேமெண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, அன்றைக்கு அதைக் கேட்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி. சாமி கும்பிட்டுவிட்டு நிற்கிறவரிடம் நாலு பேர் முன்னால் பாக்கியை எடுத்தால் அப்புறம் அவர் வாசலில் உங்களுக்கு வேலை இல்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்காமல் மார்ச் தாண்டியும் பாக்கி வைத்தால் வாங்குகிறவர் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருஷம் கழிக்க முடியாது என்று விதி வந்தபிறகு, கேட்பதற்கு நமக்கு வேறு நல்ல நாட்கள் இருக்கின்றன.

நம்பர் வாங்கினால் ஒரு வாரத்துக்குள் ஒரு தடவை கூப்பிடுங்கள், ஏதாவது ஒரு காரணத்தோடு. பேச்சில் வந்த ஒரு டூல் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம், அவர் கேட்ட ஆளின் நம்பரை அனுப்பலாம். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் வேண்டாம், அப்போது எல்லார் தலையிலும் போனஸ் கவர்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் விளக்குப் படம் அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை போடலாம் என்று சந்தோஷப்படுகிறார்கள், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேவ் செய்திருக்கிறவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாகப் பழகினவர் சேவ் செய்திருக்கமாட்டார். யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போகாது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போய்விடும்.

ஸ்வீட் பாக்ஸை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. நானும் சில இடங்களுக்குக் கொடுக்கிறேன், கையில் கொண்டுபோய், ஒரு ஆள் பேருக்கு இல்லாமல் அந்த டிபார்ட்மெண்டுக்கே என்று சொல்லி. பல கம்பெனிகள் இப்போது பரிசு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று கடிதமே போடுகின்றன, அதை மதிப்பதுதான் மரியாதை. பரிசாகக் கொடுத்த பொருளுக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டின வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது என்பதையும், 2022 ஜூலையிலிருந்து தொழில் சம்பந்தமாக ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டி வரலாம் என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக் காசு கொடுக்கிற பெரிய கைகளுக்குத்தான் இது, நமக்கு அந்தப் பிரச்சினை வராது.

டிசம்பரில் டைரி, காலண்டர். டைரியை இப்போது யாரும் எழுதுவதில்லை. தினசரிக் காலண்டர் வேறு கதை, ராகுகாலம் பார்க்கிற வரைக்கும் அது சுவரில் தொங்கும், ஸ்டோர்ஸில் ஒன்று மாட்டிவிட்டால் வருஷம் முழுக்க உங்கள் போன் நம்பர் அங்கே இருக்கும். கிறிஸ்துமஸ் கேக்குக்கும் ரம்ஜான் பிரியாணிக்கும் கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போவதை விடாதீர்கள், அங்கே வருகிற கூட்டம் உங்கள் வழக்கமான கூட்டமாக இருக்காது.

போன தடவை ஒரு பையன் கேட்டான், சொந்தமாக ஒரு மெஷின் போட்டு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறான்: யாரும் என்னைக் கூப்பிடவில்லையே அண்ணா, கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? சிட்கோ தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் அன்று மாலை தெருவில் நடந்து போனாலே போதும். பூசணி உடைக்கிற வாசலில் நின்றால் "உள்ள வாங்க" என்றுதான் சொல்வார்கள், பொரி கொடுக்காமல் யாரையும் அனுப்பமாட்டார்கள். பேரைச் சொல்லி, இந்தத் தெருவில்தான் புதிதாகப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால், அங்கே இருக்கிறவர்களில் ஒருவராவது "என்ன மெஷினுங்க?" என்று கேட்பார்.