பிறிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு

"மகனுக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "வீடு வீடாப் போய் நுளம்பு தேடுறான்" என்பார் அம்மா. பதவிப் பெயர் நீளமானது. ஆனால் அம்மா சொல்வதுதான் சரி.

இன்று திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீடு. முற்றத்தில் ஒரு சிரட்டைகூட இல்லை. "தம்பி, எங்கட வீட்டில நுளம்பு வராது. குப்பை வச்சிருக்கிற ஆக்களிட்டப் போய்ச் சொல்லுங்கோ" என்றார் அந்த வீட்டு அம்மம்மா. சரியென்று பிறிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு. டோர்ச் அடித்ததும் நுளம்புக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. ஒரு கிளாசில் அள்ளிக் காட்டினேன். "ஐயோ, இதுவா?" என்றார். எங்கள் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. (அதிலுள்ள தமிழ் எனக்கே இரண்டு தடவை வாசித்தால்தான் விளங்கும்.)

டெங்கு நுளம்புக்குச் சாக்கடை வேண்டாம், தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். தட்டு காய்ந்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் கிடந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

2017இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு. அப்போது பக்கத்து ஊர் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு திருமலையில் யாருக்கு மறக்கும்? மாரி மழை வேறு வரப்போகிறது.

அப்புறம், அம்மம்மா பிளேன்ரீ தந்துதான் அனுப்பினார். இப்போது போன் அடிக்கிறார், பக்கத்து வீட்டுப் பிறிட்ஜையும் வந்து பார்க்கட்டுமாம்.