ஒரு கார்டு, பல டிரைவர்கள்

ஜூலை 6, தருமபுரி

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பையில் விஎச்எஸ் கேசட்டுகளோடு வந்தார். ஊர்த் திருவிழாவில் நடந்த தெருக்கூத்து. கட்டியங்காரன் வேஷம் கட்டியவர் அவருடைய அண்ணன், இப்போது இல்லை. "ரீல் ஒட்டிக்கப் போவுது, சீக்கிரம் பாரு தம்பி" என்றார். மூடியைத் திறந்தால் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. முதலில் அதைத் துடைக்க வேண்டும்.

ஜூலை 8

கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய எடுத்தது பழைய ஹாப்பாஜ் எச்விஆர்-1300 டிவி கார்டு. நம் ஊர் கேபிளில் அனலாக் போன பிறகு இதன் ட்யூனருக்கு வேலையில்லை. ஆனால் விசிஆரின் மஞ்சள் பின்னைச் செருக இடமும் படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் எம்பெக்-2 என்கோடரும் இருக்கின்றன, அது போதும்.

லினக்ஸில் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால் ஒரே கார்டு மூன்று வரியாக வருகிறது: புள்ளி 0 வீடியோ, புள்ளி 1 ஒலி, புள்ளி 2 எம்பெக். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள். ஐ2சி (சிப்புகள் தங்களுக்குள் பேசும் கம்பி), ஜிபிஐஓ பின்கள் (ஆன்/ஆஃப் செய்யும் கால்கள்), ட்யூனர் எல்லாம் பொதுச் சொத்து; அவற்றை இந்தக் கார்டின் சிப்புக்கான சிஎக்ஸ்88 கோர் மாட்யூல் பார்த்துக்கொள்கிறது.

சிக்கலே அந்த மூன்றாவது வரியில்தான். என்கோடரும் டிஜிட்டல் டிவி சிக்னலைப் பிரித்தெடுக்கும் டீமாடுலேட்டரும் ஒரே பஸ்ஸில், அதாவது டேட்டா போகும் ஒரே பாதையில், உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் குப்பைதான் வரும்.

ஜூலை 9

இதை லினக்ஸ் எப்படிச் சமாளிக்கிறது என்று அதன் கெர்னல் கோடை இரவு வெகுநேரம் படித்தேன். அந்த மூன்றாவது வரிக்கு உள்ளேயே என்கோடருக்கு ஒன்று, டிஜிட்டல் டிவிக்கு ஒன்று என்று இரண்டு டிரைவர்கள். அழகான ஏற்பாடு. வேலை தொடங்கும் டிரைவர் முதலில் "எனக்கு வேண்டும்" என்று அனுமதி கேட்கிறது. வேறு டிரைவர் கையில் இருந்தால் 'பிஸி' என்று திருப்பி அனுப்பிவிடும். காலியாக இருந்து, கேட்டது என்கோடர் டிரைவர் என்றால், ஜிபிஐஓ பின்களை மாற்றி, பஸ்ஸிலிருந்து டீமாடுலேட்டரை விலக்கி என்கோடரைச் சேர்க்கிறது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கையும் உண்டு. அது பூஜ்யமானால்தான் விடுதலை. எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கடைப் பையனை வெற்று டேப் ஒன்றைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, நடுவில் டிவிபி (டிஜிட்டல் டிவி) ஸ்கேனை ஓட்டச் சொன்னேன். "அண்ணா, பிஸின்னு சொல்லுது, உள்ளயே விடல" என்றான். பதிவு ஒரு ஃப்ரேம்கூட அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இனி கூத்து டேப்பைத் தைரியமாகப் போடலாம்.

ஜூலை 13

கூத்து முழுசும் ஏறிவிட்டது. கட்டியங்காரன் குரல் கணீரென்று இருக்கிறது.

அடுத்த கம்ப்யூட்டரில் இருப்பது பிடி878 சிப் போட்ட டிவி கார்டு. அதில் ஃபங்ஷன் 0 (முன்பு புள்ளி 0 என்று எழுதினேனே, அதே மாதிரி) வீடியோ, ஃபங்ஷன் 1 ஒலி. டிவிபி கார்டாக இருந்தால் டிஜிட்டல் டேட்டாவும் அந்த 1-இலேயே வரும். ஆகவே ஒலி டிரைவர், டிவிபி டிரைவர் இரண்டில் ஒன்றுதான் அதைப் பிடிக்கலாம். டிவிபி கார்டுகளின் ஐடி பட்டியலை ஒலி டிரைவர் வைத்துக்கொண்டு, அவற்றைக் கண்டால் ஒதுங்கிவிடுகிறது. இதைவிட, சிஎக்ஸ்88-இல் பார்த்த முறைவைத்துக் கேட்டு வாங்கும் ஏற்பாடுதான் எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஆனால் எனக்கு இங்கே டிவிபி வேண்டாம். ஒலி டிரைவரையே விட்டுவைத்தேன்.