படிக்கட்டு விளக்குக்குப் பத்து ரூபாய்

"இதைப் படித்து முடித்தால் ஐயராகிவிடுவாயா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். எங்கள் தென்மாவட்டத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இல்லை என்றேன். "கலெக்டர் ஆபீசில் வேலை கிடைக்குமா?" அதுவும் இல்லை. "பிறகு எதற்காம் இரண்டு வருடம்?"

அப்போது எனக்கு 33 வயது. சென்னையில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பத்து ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். இறையியல் கல்லூரி ஒன்றில் நகரச் சமூக மேம்பாடு என்ற முதுகலைப் படிப்பு இருப்பது தெரிந்து, 2022இல் விண்ணப்பித்தேன். இப்படிப்பட்ட படிப்பில் சேரலாமா என்று கேட்டு அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துவிட்டதால், நடந்ததை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

விண்ணப்பத்துடன் பட்டச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்று, சபைப் போதகரின் பரிந்துரைக் கடிதம், என் விசுவாசத்தைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை ஆகியவற்றைக் கேட்டார்கள். கட்டுரையை ஒரே இரவில் எழுதிவிட்டேன். கடிதத்துக்குத்தான் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எங்கள் ஐயர் மாறுதலில் போகிற நேரம். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது. சேர நினைப்பவர்கள் முதலில் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். வெள்ள நிவாரணம், ஞாயிறு பள்ளி, முதியோர் இல்லம் என்று நான் செய்த சேவைகளையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். ஓரத்தில் இருந்த பேராசிரியை கேட்டார்: "கடைசியாக உங்களுக்கு உதவி செய்த ஏழை யார்?" எனக்குச் சட்டென்று யாரும் நினைவுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் சிக்கிக்கொண்ட எங்களை மீன்பிடிப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தவர்களைச் சொன்னேன். "அவர்கள் பெயர்?" கேட்கவில்லை என்றேன். அவர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். இடம் கிடைக்காது என்றே நினைத்து வீட்டுக்கு வந்தேன். கிடைத்தது. பிறகு அவரே எனக்கு வழிகாட்டியாகவும் அமைந்தார்.

முதல் ஆண்டு வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா முதுகலைப் படிப்பையும் போல வாசிப்பு, கட்டுரை, தேர்வு. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் 1939இல் கத்தோலிக்கப் பங்குச் சபைகளையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்த அமெரிக்கச் சமூக அமைப்பாளர் சால் அலின்ஸ்கியைப் படித்தோம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தை விட்டுத் தப்பித்துப் போய், 1960இல் அங்கேயே குடும்பத்தோடு திரும்பிவந்த கறுப்பினப் போதகர் ஜான் பெர்கின்ஸைப் படித்தோம். ஏழைகளோடு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அவர்கள் நடுவில் குடியேற வேண்டும் என்பது அவருடைய வாதம். ஒரு பகுதியில் என்ன இல்லை என்று கணக்கெடுப்பதை விட்டுவிட்டு, என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொன்ன கிரெட்ஸ்மன், மெக்நைட் இருவரின் 1993ஆம் ஆண்டு முறையையும் ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் பிடியரிசிக் கலயம்தான் கண்ணில் நின்றது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார். எங்கள் ஊர்க் கோயில்களில் பிடியரிசி சேராத செங்கல் குறைவு. வகுப்பில் இதைச் சொன்னபோது, "இதைக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை?" என்றார் வழிகாட்டி. எழுதலாம் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான படிப்பு. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியமர்த்திய அடுக்குமாடிப் பகுதி ஒன்றில் பத்து மாதம் தங்க வேண்டும். பகுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது அங்குள்ள பிள்ளைகளின் முதல் குறை. நானும் அந்தப் பெயரோடு இன்னொரு கதையைச் சேர்க்க வேண்டாம்.

போவதற்கு முன் வரலாற்றைப் படித்துக்கொண்டு போனேன். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. 1971இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. குடியிருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது அப்போதைய வழக்கம். ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடுவது பின்னால் வந்தது. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதன் பழைய வாசகம் 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்'. இறையியல் கல்லூரியில் ஓராண்டு உட்கார்ந்து படித்த எனக்கு, அதைவிட அழுத்தமான இறையியல் வாக்கியம் ஓர் அரசு அலுவலகச் சுவரில் எழுதியிருந்தது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாடியில் தனியாக வசித்த ஓர் அக்காவின் வீட்டில் தங்கினேன். இருநூறு சதுர அடி வீடு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு காலியான மூலை எனக்கு. அவர் மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்தார். விடியற்காலை பஸ் ஏறினால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் திரும்புவார். பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று 2021இல் ஆன பிறகுதான் சம்பளத்தில் ஏதோ மிஞ்சுகிறது என்பார்.

முதல் இரண்டு மாதம் கல்லூரியின் விதிகள் நான்கு: எதுவும் கொடுக்காதே, புகைப்படம் எடுக்காதே, கூட்டம் போடாதே, வாக்குக் கொடுக்காதே. இரவில் உட்கார்ந்து, கேட்டதை மட்டும் நாட்குறிப்பில் எழுத வேண்டும்; நினைத்ததை எழுதக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை வழிகாட்டி அதைப் படித்து, சில சொற்களைச் சிவப்பில் வட்டமிடுவார். 'பாவம்', 'விழிப்புணர்வு இல்லை', 'பயனாளி'. "இது அவர்கள் சொன்னதா, உன் மூக்குக்கண்ணாடியா?" என்பார். ஒரு பக்கத்தில் பதினோரு வட்டங்கள் வாங்கியிருக்கிறேன்.

டீக்கடையில் முதல் வாரமே கேட்டுவிட்டார்கள், மதம் மாற்ற வந்தீர்களா என்று. இல்லை, படிக்க வந்தேன் என்றேன். "மாற்ற வந்தவர்களாவது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள்" என்றார் ஒரு பெரியவர். நான் கிறிஸ்தவள் என்பதை மறைக்கவில்லை. யாரையும் ஜெபத்துக்குக் கூப்பிடவும் இல்லை. அம்மன் கோயில், தொழுகைக்கூடம், தெருவுக்கொரு ஜெபவீடு எல்லாம் நான் போவதற்கு முன்பே அங்கே இருந்தன. நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கடவுள் பாக்கி இல்லை.

அக்காவே ஓர் இரவு என் வேதாகமத்தை எடுத்து, எங்கேயாவது படி என்றார். படிப்பில் ஓயாமல் பேசப்பட்ட எரேமியாவின் கடிதத்தைப் படித்தேன். சிறைபிடிக்கப்பட்டு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களிடம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லும் பகுதி. எங்களைப் போன்ற படிப்புகளுக்கு அதுதான் மூலமந்திரம். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: "கட்டின வீட்டை இடித்துவிட்டுத்தானே எங்களை இங்கே அனுப்பினார்கள்?" அன்றுவரை அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம், அன்னிய நகரத்துக்கு அனுப்பப்பட்டு நிற்பவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் வரைபடம் போடும் பயிற்சி. சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொண்டு போனேன். பெண்கள் யாரும் பேனாவைத் தொடவில்லை. ஒருவர் வீட்டுக்குள் போய்க் கோலமாவைக் கொண்டுவந்தார். அரை மணி நேரத்தில் சிமென்ட் தரையில் மொத்தப் பகுதியும் வந்துவிட்டது: பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி. இரவில் பயமாக இருக்கிற இடத்தில் குங்குமம் வையுங்கள் என்றேன். மதுக்கடைப் பக்கம்தான் சிவக்கும் என்று எனக்கு நிச்சயம். அங்கே இரண்டு பொட்டு விழுந்தது. மீதிக் குங்குமம் எல்லாம் அவர்கள் வீட்டுப் படிக்கட்டிலேயே விழுந்தது. விளக்கு இல்லாத படிக்கட்டு. இரவில் யாராவது குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடிந்து வரும் பெண்கள் செல்பேசியை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

இங்கேதான் நான் தவறினேன். நான்கு எல்.இ.டி. பல்புகள், நானூறு ரூபாய்ச் சொச்சம். இரண்டு மாத விதிதான் முடிந்துவிட்டதே என்று வாங்கி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். நான்காவது நாள் ஒன்றுகூட இல்லை. வழிகாட்டியிடம் அழாத குறையாகச் சொன்னபோது, "யாருடைய பல்பு காணாமல் போனது?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "அதனால்தான் யாரும் தேடவில்லை" என்றார். அதற்கு முன் ஒரு தொண்டு நிறுவனமும் பல்பு மாட்டி, படம் பிடித்துக்கொண்டு போயிருந்ததாக அக்கா பிறகு சொன்னார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றால், "நீ கேட்கவில்லையே" என்கிறார்.

இரண்டு வாரம் கழித்து விளக்குப் பேச்சை மறுபடி தொடங்கியவர் முதல் மாடியில் இட்லிக் கடை வைத்திருந்த பெண். எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே ஒயர் இழுக்கிறேன், சுவிட்சு என் வீட்டுக்குள் இருக்கட்டும், பல்புக்குக் கம்பிக் கூண்டு போடுவோம் என்றார். ஆறு மணிக்குப் போட்டுக் காலை ஐந்துக்கு அணைப்பது அவர் பொறுப்பு. நான்கு வேண்டாம், இரண்டு போதும். மின்சாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்து ஆண்டுக் கணக்குப்பிள்ளை வேலைக்கு அங்கேதான் பயன் கிடைத்தது. ஒன்பது வாட், இரண்டு பல்பு, பதினோரு மணி நேரம். மாதத்துக்கு ஏறக்குறைய 6 யூனிட். வீட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் 16 வீட்டுக்கு 160. மின்சாரம் போகப் புதுப் பல்புக்கும் மிஞ்சும். அக்கா வீட்டுக்கு ஒரு பத்து, எனக்குத் தனியாக ஒரு பத்து என்றார் இட்லிக் கடைக்காரர். ஒரே வீடுதானே என்று வாதாடிப் பார்த்தேன். "நீயும்தானே ராத்திரியில் ஏறுகிறாய்?" தீர்ப்பு முடிந்தது. ஒரு பழைய பள்ளி நோட்டில் கோடு போட்டு, மாதாமாதம் டிக் அடித்தார்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். கீழே தண்ணீர், மேலே மின்சாரம் இல்லை. மூன்று நாளும் எனக்குச் சோறு போட்டவர்களின் பெயர்கள் ஒன்பது. நாட்குறிப்பில் முழுதாக இருக்கின்றன.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் களப்பணி மாணவர்களுக்கு வெளி அமைப்பு ஒன்றிலிருந்து உதவித்தொகை வந்ததாம். வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது நின்றுவிட்டது. என் பத்து மாதமும் என் சேமிப்பில்தான் ஓடியது. பட்டத்துக்கு யாருடைய அங்கீகாரம் என்பதையும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம் கேட்ட ஒரு வேலைக்குப் போனபோது என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு சிறு அமைப்பில், பாதி கணக்கும் பாதி களமுமாக வேலை. முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. "இங்கே வீடு இருக்கிறது, அக்கம்பக்கம் இல்லை" என்று அக்கா ஒருநாள் சொன்னதை மொழிபெயர்க்க ஒரு வாரம் முட்டினேன். நெய்பர்ஹுட் என்று போட்டால் இடம்தான் வருகிறது, ஆட்கள் வருவதில்லை. கடைசியில் அக்கம்பக்கம் என்றே எழுதி, அதை விளக்க மூன்று பக்கம் செலவழித்தேன். ஆய்வேட்டில் உருப்படியான பக்கங்கள் அவைதான்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "இரண்டு பல்பு எரிந்ததில் இறையியல் எங்கே இருக்கிறது?" வேதாகமத்தில் நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தைச் சொன்னேன். வெறும் பெயர்ப்பட்டியல் என்று எல்லாரும் தாண்டிப்போகும் அதிகாரம். இடிந்துகிடந்த எருசலேம் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், ஆளுக்கு ஒரு பங்காக, பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த இடத்தையே கட்டுகிறார்கள். தட்டார் இருக்கிறார், தைலக்காரர் இருக்கிறார், சல்லூம் என்பவன் தன் மகள்களோடு நின்று கட்டுகிறான். தேர்வாளர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டாரா, மணி ஆகிவிட்டது என்று நினைத்தாரா தெரியவில்லை.

2024 ஏப்ரல் கடைசியில் மூட்டையைக் கட்டினேன். பட்டமளிப்பு முடிந்து, ஊரிலிருந்து வாங்கிவந்த மஸ்கோத் அல்வாவோடு ஒரு மாலை அங்கே போனேன். எங்கள் ஊர் முதலூர். 1799இல், துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர். ஒருவகையில் நாங்களும் குடியமர்த்தப்பட்டவர்கள்தான் என்று அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அல்வாவைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தேன். இட்லிக் கடைக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். ஏப்ரல் மாதக் கட்டத்தில் என் பெயருக்கு நேரே டிக் இல்லை. பத்து ரூபாயைக் கொடுத்தேன். பேனாவைத் தேடி எடுத்து டிக் அடித்தார்.