வெளுத்துப்போன இ.சி.ஜி. தாளும் மருத்துவர் திருப்பிக் காட்டிய திரையும்

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, கடலூரிலிருந்து புதுச்சேரியிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, வீட்டிலிருந்த பழைய சீட்டுகளையெல்லாம் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போனேன். முந்தைய இ.சி.ஜி. இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். எடுத்து நீட்டினேன், வெப்பத்தால் பதியும் தாள் என்பதால் கோடுகள் மங்கி வெறுந்தாளாகிவிட்டிருந்தது. இப்போது தெரியும் மாற்றம் புதியதா, முன்பே இருந்ததா என்று ஒப்பிடவே அவர் கேட்டிருக்கிறார்.

மறுநாள், இதய ரத்தக்குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோ முடிந்தபின், அவர் ஒரு டேப்லெட் கணினியுடன் கட்டிலருகே அமர்ந்து, திரையை அப்பாவின் பக்கம் திருப்பினார். சாயம் ஓடும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் மட்டும் நூலாக மெலிந்திருப்பதை இரு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்ட அப்பா, தாமும் விரலால் ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிட்டு, "இங்கதான் அடைப்பா, டாக்டர்?" என்றார். அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட்டே வேண்டாம் என்று அதுவரை பிடிவாதம் பிடித்தவர், வைத்தபின் எத்தனை மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கினார். மேசைக் கணினியென்றால் மருத்துவர் திரையைப் பார்ப்பார், நோயாளி அவருடைய தோளைப் பார்ப்பார். கையடக்கத் திரையை இருவரும் சேர்ந்து பார்க்க முடிகிறது என்பதையே மருத்துவத்தில் டேப்லெட்டின் முதல் பயனாக நான் கருதுகிறேன்.

இதைவிடப் பெரிய தேவை கிராமங்களில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. அந்த அளவுகளைச் சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்துகொண்டு, சிக்னல் கிடைத்ததும் தானே அனுப்பிவிடும் டேப்லெட் இருந்தால், ஆறு மாத ஏற்ற இறக்கத்தை ஒரே வரைபடமாக அந்தத் திண்ணையிலேயே காட்டலாம். ஆனால் நோட்டிலும் எழுது, திரையிலும் ஏற்று என்று இரட்டை வேலை வைத்தால் அது செவிலியருக்குச் சுமையாகத்தான் முடியும். கட்டிலுக்குக் கட்டில் போகும் கருவியைக் கிருமிநாசினியால் துடைப்பதும், கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவதும் கைகழுவுவதைப் போலப் பழக்கமாக வேண்டும்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிமுகமான 14 இலக்க ஆபா (ABHA) எண் என்ற உடல்நல அடையாள எண், நோயாளியின் இசைவோடு பதிவுகளை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வதற்கானது. அப்பாவுக்கோ ஆஞ்சியோ படத்தை சி.டி.யில் கொடுத்தார்கள். அடுத்த மாதம் கடலூரில் காட்டச் சென்றபோது, அதைப் போட்டுப் பார்க்கும் வசதி அங்கே இல்லை. சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுதான்; இன்னமும் அந்த சி.டி. மஞ்சள் பையிலேயே இருக்கிறது.