வாய் திறக்காத பெடியன்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிற எல்லோரும் அதிபரையும் துடுப்பாட்டப் போட்டியையும் எழுதிவிடுவார்கள், ஆகவே நான் எங்கள் ஆங்கிலப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் என்ன, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பாடத்தில் வாயே திறக்காதவர்கள். சேர் முன்வாங்கிலிருந்து ஒவ்வொருவராக எழுப்பி ஒரு வசனம் வாசிக்கச் சொல்வார். நாங்கள் பின்னுக்கிருந்து தலைகளை எண்ணி, எங்களுக்கு வரப்போகிற வசனம் எதுவென்று கண்டுபிடித்து, அதை மட்டும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்போம். நடுவில் ஒருவனைச் சேர் தாண்டிப் போய்விட்டால் சரி, கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும்.

அதே சேர்தான் ஆண்டிறுதி ஆங்கில நாடகத்துக்கு ஆள் சேர்த்தபோது எங்களில் ஆக அமைதியான ஒருவனைப் பிடித்து, திரைக்குப் பின்னால் நிற்கவைத்து, பிரதியைக் கையில் கொடுத்து, யாராவது மறந்தால் எடுத்துக்கொடு என்றார். நாடகத்தன்று மேடையில் நின்றவர்களுக்குத் தங்கள் தங்கள் பகுதி மட்டும் பாடம். இவனுக்கு முழு நாடகமும் பாடம். இவ்வளவுக்கும் அவனை யாரும் முன்னுக்கு வந்து பேசு என்று சொல்லவில்லை.

பிறகு கனடாவுக்கு வந்து, படித்து, ஸ்காபரோவில் ஈ.எஸ்.எல், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கிற ரீச்சராக வேலை செய்த காலம் முழுக்க, சேர் அவனுக்குக் கொடுத்த அந்தத் திரைமறைவு வேலையின் நினைவு எனக்குக் கை கொடுத்தது. ஒன்ராறியோவில் புதிதாக வருகிற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் இருத்துவார்கள், ஆங்கிலம் தெரியாது என்பதற்காக இரண்டு வகுப்புக் கீழே இறக்குவதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் ஜனவரி மாதம், பாதி வருஷம் போன பிறகு, ஒன்பது வயதுப் பெடியன் ஒருவன் ஊரிலிருந்து வந்து நாலாம் வகுப்பில் இருந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி ஒருவன் வந்தான். பனிச் சப்பாத்தும் பனிக் காற்சட்டையும் போட்டுக் கழற்றுவதற்கே அவனுக்கு இன்ரர்வல் போய்விடும். யார் என்ன கேட்டாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

வகுப்பு ரீச்சர் நல்ல மனுஷி. பக்கத்தில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையை இருத்தினார். முதல் கிழமைகளுக்கு அது வேணும், இல்லையென்றால் கழிப்பறை எங்கே என்றுகூடத் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை இவனுடைய வாயாகவே மாறிவிட்டது. 'அவனுக்குத் தாகமாம் மிஸ்', 'அவனுக்கு விளங்கேல்லையாம் மிஸ்' என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். என்னைக் கேட்டால், துணைக்கு இருத்துகிற பிள்ளை கொஞ்சம் சோம்பேறியாக இருப்பது நல்லது.

இன்னொரு சிக்கல் கேள்வி கேட்கிற வேகம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று செக்கன் பொறுத்தால் பதில்களும் நீளுகின்றன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இது ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கே. கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுபோய், பதிலை யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறவனுக்கு ஒரு செக்கன் எந்த மூலைக்கு?

கணிதப் பாடத்தில் அவன் உதடு அசைவதைக் கண்டு, தனக்குள் கதைக்கிறான் போல என்று ரீச்சர் கவலைப்பட்டார். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் 'ஏழெட்டு ஐம்பத்தாறு, ஏழொன்பது அறுபத்துமூன்று' என்று வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது! சிலேற்றளவு வெள்ளைப் பலகைகள் அலுமாரியில் கிடந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுத்து, விடையை எழுதிவிட்டு எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டுங்கள் என்று மாற்றினோம். வாய் திறக்கத் தேவையில்லை, பிழை விட்டாலும் இருபது பலகைக்குள் ஒரு பலகை. இரண்டாம் நாளே பக்கத்து மேசைப் பிள்ளைகள் இவனுடைய பலகையை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் காலையில் வெளியே வெப்பநிலை எத்தனை என்று பார்த்துக் கரும்பலகையில் எழுதுகிற வேலையையும் அவனிடம் கொடுத்தார் ரீச்சர். மைனஸ் இருபது காட்டுகிற நாளில் இன்ரர்வல் உள்ளுக்கா வெளியிலா என்ற பேச்சு வரும், அதனால் எல்லோரும் அவனைச் சுற்றி வந்து நிற்பார்கள்.

வகுப்பு முழுக்கக் கேட்க அவன் பேசிய முதல் ஆங்கிலம் 'இட்ஸ் மை டேர்ன்'. அதுவும் பாடத்தில் இல்லை, உள்ளே விளையாடிய ஒரு நாள் தாயக்கட்டையைப் பறித்தவனிடம் கத்தியது. ரீச்சர் சண்டையை விலக்குவதா கைதட்டுவதா என்று என்னைப் பார்த்தார்.

பெற்றோர் சந்திப்பில் தகப்பன் சொன்னார், 'இனி வீட்டில இங்கிலீஷிலதான் கதைக்கிறம் சேர்.' நான் இதைக் கேட்காத வருஷம் இல்லை. தயவுசெய்து வேண்டாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் கமின்ஸ் பல வருஷம் இதைத்தான் ஆராய்ந்தார்: விளையாட்டுத் திடல் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து வருஷமோ அதற்கு மேலோ எடுக்கும், வீட்டு மொழி பலமாக இருந்தால் அது இரண்டாவது மொழிக்கும் உதவும். ஆவியாதல் என்றால் என்னவென்று தமிழில் விளங்கின பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர்தான் புதிது. அம்மா அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கப்போனால் இரண்டும் இல்லை. பின்னேரம் தமிழில் கதை சொல்லுங்கள், சண்டை பிடியுங்கள், கணக்குச் செய்யுங்கள்.

இன்னொன்று, றிப்போட் காட்டில் ஈ.எஸ்.எல் என்ற கட்டத்தில் புள்ளடி இருந்தால் பிள்ளை தோற்றுவிட்டது என்று அழுகிற அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் ஆங்கில நிலைக்கேற்ப அந்தப் பாடத்தின் எதிர்பார்ப்பை மாற்றி மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். சந்தேகம் என்றால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்து தரும்படி பள்ளிக்கூடத்திடம் கேளுங்கள், பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவிடம் சொல்லவேண்டி வந்தால் எந்தப் பிள்ளைதான் ஒழுங்காகச் சொல்லும்?

எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற அண்ணைமார் அக்காமார் நிறையப் பேர். கிழமையில் ஒரு காலைப்பொழுது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையோடு இருந்து வாசிக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள், அது வரக் கொஞ்சம் செல்லும். செப்டெம்பரில் தொடங்க நினைத்தால் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.