அணு மின் துறையில் தகவல் பாதுகாப்பு: புது வேலைக் குறிப்புகள்

ஜூன் 2, 2025. குழித்துறை

இன்று வேலையில் சேர்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, வங்கிகளுக்கான தகவல் பாதுகாப்பு வேலை பார்த்தேன். இனி எதிர்ப்பக்கம் போகிற பஸ். துறையும் வேறு, அணு மின்சாரம்.

எந்த நிறுவனம், எந்த இடம், உள்ளே என்ன சாதனம் என்று எதையும் இங்கே எழுதப் போவதில்லை. வெளியே ஏற்கெனவே பதிவானதை, யார் வேண்டுமானாலும் படிக்கக் கூடியதை மட்டும் எழுதுவேன். இந்த வேலையைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்கு அதிகம் அகப்படவில்லை. மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இப்படி ஒரு வேலை இருப்பதையாவது தெரிந்துகொள்ளட்டும்.

அம்மாவுக்கு ஒரே கவலைதான். "மக்களே, அங்க போன் கொண்டு போவக் கூடாதாமே. ஒரு அவசரம்னா நான் எப்படிக் கூப்பிடுவேன்?" அலுவலக லேண்ட்லைன் நம்பரைச் சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் என் பெயரையும் எழுதச் சொன்னாள்.

ஜூன் 4

வங்கி வேலையில் கைப்பழக்கமாகிப் போன மூன்று விஷயங்கள் உண்டு. பாஸ்வேர்டு மூன்று தடவை தப்பினால் கணக்கைப் பூட்டு. சந்தேகம் வந்தால் அந்தக் கணினியை வலையிலிருந்து பிரி. பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்தால் தாமதிக்காமல் போடு. மூன்றுமே இங்கே அப்படியே செல்லாது.

எங்களுக்கு வகுப்பு எடுப்பவர் கருவியியல் பிரிவில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். இன்று என்னை எழுப்பிக் கேட்டார்.

"ஆபரேட்டர் ஒரு பதட்டத்துல மூணு தடவ தப்பா அடிச்சிட்டாரு. நீரு என்ன செய்வீரு?"

"கணக்கு தானா பூட்டிரும் அண்ணாச்சி. அரை மணி நேரம் கழிச்சுத் திறக்கும்."

"அந்த அரை மணி நேரம் பம்பை யாரு பாப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆபத்து நேரத்தில்தான் கை நடுங்கும். அந்த நேரத்தில் ஆபரேட்டரை வெளியே தள்ளிப் பூட்டுவது, தாக்க வருகிறவனுக்கு நாமே வேலை செய்து கொடுப்பது. அதனால் கட்டுப்பாட்டு அறைத் திரைகளுக்கு இப்படிப்பட்ட பூட்டு வேண்டாம் என்பதே தொழில் துறை வழிகாட்டுதல்களில் பொதுவாக இருக்கும் அறிவுரை. அதற்கு ஈடாகக் கதவைக் காவல் காக்க வேண்டும், உள்ளே எப்போதும் ஆள் இருக்க வேண்டும், யார் எப்போது வந்தார் என்பது பதிவாக வேண்டும். வங்கியில் ரகசியம் காப்பது முதல் வேலை. இங்கே இயந்திரம் இயங்க வேண்டும், சரியாக இயங்க வேண்டும். ரகசியம் அதற்குப் பிறகுதான்.

ஜூன் 7, சனி

'இந்த வலை இணையத்தோடு இணைக்கப்படவில்லை' என்ற வாக்கியத்தை இந்த வாரம் முழுக்கக் கேட்டேன். கேரள எல்லைப்புறத்தில் வளர்ந்தவனுக்கு அதை அப்படியே நம்ப முடியாது. களியக்காவிளையில் செக்போஸ்ட் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. ஆனால் ரேஷன் அரிசி கடத்துகிறவர்கள் அந்த வழியாகவா போகிறார்கள்? ரப்பர் தோட்டத்துக்கு நடுவே எத்தனை ஊடுவழி!

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி அணு மின் நிலையத்தில் 2003 ஜனவரியில் நடந்தது அதுதான். ஸ்லாமர் என்ற புழு, அதாவது கணினிக்குக் கணினி தானே பரவும் நிரல், உலகமெங்கும் பரவிய சமயம். நிலையத்தின் பயர்வால் (வலைக்குள் வருவதை வடிகட்டும் தடுப்பு) அதைத் தடுக்கும்படிதான் இருந்தது. ஆனால் ஒரு கான்ட்ராக்டர் நிறுவனத்துக்கு பயர்வாலைச் சுற்றிக்கொண்டு தனி இணைப்பு ஒன்று கொடுத்திருந்தார்கள். புழு அந்த வழியாக அலுவலக வலைக்கு வந்து, அங்கிருந்து ஆலை வலைக்கும் போய்விட்டது. உலையின் பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செயலிழந்து கிடந்தது. அப்போது உலை ஓடவில்லை, பழைய அனலாக் கருவிகளும் கைவசம் இருந்தன. அதனால் ஆபத்து எதுவும் நேரவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஜூன் 11

இன்று பயிற்சி மேசையில் ஒரு டேட்டா டையோடைப் பிரித்துக் காட்டினார்கள். தகவலை ஒரே திசையில் மட்டும் விடும் கருவி அது. பெயரைப் பலமுறை கேட்டிருக்கிறேன், கையில் எடுத்துப் பார்த்தது இன்றுதான்.

இரண்டு அட்டைகள், நடுவே ஒரே ஒரு கண்ணாடி இழை. ஆலைப் பக்கத்து அட்டையில் ஒளி அனுப்பும் சிறு லேசர் மட்டும் இருக்கிறது, ஒளி வாங்கும் உறுப்பு கிடையாது. அலுவலகப் பக்கத்து அட்டையில் வாங்கும் உறுப்பு மட்டும், லேசர் கிடையாது. உலையின் வெப்பம், அழுத்தம் எல்லாம் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரு எழுத்துகூடத் திரும்பி வராது. பயர்வால் என்றால் யாராவது ஒரு விதியைத் தவறாக மாற்றிவிட முடியும். இங்கே மாற்றுவதற்கு விதியே இல்லை. திரும்பி வர வேண்டுமானால் இல்லாத லேசர் ஒன்று அங்கே முளைக்க வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான வலைத் தொடர்புகளில் 'கிடைத்தது' என்று மறுமுனை அவ்வப்போது பதில் சொன்னால்தான் தகவல் பொட்டலங்கள் தொடர்ந்து கிளம்பும். பதிலே வராத இழையில் அது நடக்காது. அதனால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கணினி நின்று, அந்தந்தப் பக்கத்துக்குத் தானே பதில் சொல்லிக்கொள்கிறது. அதை அமைப்பதற்குத்தான் பாதி மூளை போகிறது.

சர்வதேச அணுசக்தி முகமை 2011இல் வெளியிட்டு 2021இல் திருத்திய கையேட்டிலும் இதே எண்ணம்தான். அமைப்புகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஓர் உதாரணம் தருகிறார்கள். உலையைக் காக்கும் அமைப்பு முதல் நிலை, கட்டுப்பாடு அங்கேதான் மிகக் கடுமை. தகவல் அங்கிருந்து வெளியே வரலாம், வெளியிலிருந்து உள்ளே போகக் கூடாது. மற்ற பக்கங்கள் வறட்சியாக இருக்கின்றன, இந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜூன் 12

விடாத மழை. பஸ் தக்கலையிலேயே வெகுநேரம் நின்றுவிட்டது. மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுப் படுக்கப் போகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

சாயாக்கடையில் மாமா பிடித்துக்கொண்டார். "ஒரு வைரஸ் விட்டா உலை வெடிச்சிரும்னு சொல்லுதானுவளே, நெசமா?"

தெரிந்ததைச் சொன்னேன். கூடங்குளத்தில் இருப்பது போன்ற விவிஇஆர் என்ற ரஷ்ய வகை உலைகளில், அணுப் பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்காந்தம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மின்சாரம் போனால் தண்டுகள் தம் எடையிலேயே உள்ளே விழுந்து வினை நின்றுவிடும். ஒரே அளவைப் பல உணரிகள் தனித்தனியாக அளக்கின்றன, ஒன்று பிழையாகச் சொன்னாலும் மற்றவை சொல்வது எடுபடும். ஆனால் நின்ற உலையும் உடனே ஆறிவிடாது. நிறுத்திய கணத்திலும் முழுத் திறனில் ஆறேழு சதவீத வெப்பம் வந்துகொண்டுதான் இருக்கும். அது மெதுவாகத்தான் குறையும். அதுவரை தண்ணீர் ஓட வேண்டும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் உலைகள் நின்றன, குளிர்விப்புதான் போய்விட்டது. அதனால் பம்பும் மின்சாரமும் ஆபரேட்டர் பார்க்கும் திரையும் எனக்கு முக்கியம் என்றேன்.

மாமா விடவில்லை. "அப்போ 2019ல கூடங்குளத்துல வந்தது?"

அதன் விவரம் அதிகாரபூர்வமாகவே இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-இன் தகவல் கொடுத்தது. அக்டோபர் 29ஆம் தேதி நிலையத்தின் அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இருப்பதால் சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்றது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், மால்வேர் (கெடுதல் செய்யும் நிரல்) கண்டறியப்பட்டது சரியே என்று உறுதி செய்தது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு கணினி அது, ஆலை அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது.

ஆலை வலை தனி என்பதை நான் நம்புகிறேன். ஆனால் 'சாத்தியமில்லை' என்ற சொல்லை எங்கள் துறையில் யாருமே சொல்லக் கூடாது. நிர்வாகக் கணினியில் யார் எந்தப் பிரிவு, எந்தக் கான்ட்ராக்டர் எப்போது வருகிறார் என்பதெல்லாம் இருக்கும். அடுத்த அடி வைக்க நினைப்பவனுக்கு முதலில் வேண்டியது அதுதான். இன்னொன்றும் மனதில் இருக்கிறது. கூடங்குளம் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தவர்கள் இந்தக் கடற்கரையின் ஆட்கள்தான். அவர்கள் சொன்னதை எல்லாம் நான் ஏற்பவன் அல்ல. ஆனாலும் என்ன நடந்தது என்பதை முதல் நாளிலேயே கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஜூன் 19

இன்று முழுக்க ஸ்டக்ஸ்நெட் என்ற தாக்குதல் நிரல் பற்றிய வகுப்பு. 2010இல் வெளியே தெரிந்தது. தாக்கப்பட்டது உலை அல்ல, ஈரானின் நத்தான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் கூடம். இணையத்தோடு சேராத இடத்துக்கும் பென்டிரைவ் வழியாகப் போகும்படி எழுதப்பட்ட நிரல் அது. சுழலும் குழல்களின் வேகத்தை மாற்றிக் கெடுத்தது. அதைவிட என்னை உலுக்கியது, இயல்பாக ஓடியபோது பதிவு செய்த அளவுகளையே திரும்பத் திரும்பக் காட்டியதுதான். இயந்திரம் கெட்டுக்கொண்டிருக்க, பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது.

அண்ணாச்சி சொன்னார்: "மீட்டரு பொய் சொல்லுதுன்னு ஆபரேட்டருக்குத் தோணிட்டா, பெறவு நல்ல மீட்டரையும் நம்ப மாட்டாரு." திரையில் தெரியும் எண் உண்மையானது என்று உறுதி சொல்வதுதான் நான் எடுத்திருக்கும் வேலை. இன்றுதான் அது முழுதாக உறைத்தது.

ஜூன் 26

பேட்ச் பற்றிய வகுப்பு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹாட்ச் நிலையம், 2008 மார்ச். அலுவலக வலையில் இருந்த ஒரு கணினிக்கு மென்பொருள் புதுப்பிப்பு போட்டு மறுதொடக்கம் செய்தார்கள். அது கட்டுப்பாட்டு வலையோடு தரவைப் பகிரும் கணினி. தரவு அழிந்து பூஜ்யமாக, தண்ணீர் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அமைப்பு உலையை நிறுத்தியது. 48 மணி நேரம் அந்த உலை மின்சாரம் தரவில்லை. தாக்கியவர் யாரும் இல்லை, நல்ல எண்ணத்தில் செய்த வேலை. பேட்ச் போடாததால் டேவிஸ்-பெஸ்ஸி, போட்டதால் ஹாட்ச்.

அதனால்தான் முதலில் சோதனைக் கூடத்தில் போட்டுப் பார்த்து, எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும் காலம் வரை காத்திருக்கிறார்கள். ஓராண்டுக்கோ ஒன்றரை ஆண்டுக்கோ ஒருமுறை வருகிற காலம். வெளி ஆட்கள் லேப்டாப்பும் சோதனைக் கருவியுமாகக் கூட்டமாக உள்ளே வருவதும் அப்போதுதான். ஓட்டையை அடைக்கும் நேரமே புது ஓட்டை விழும் நேரமாகவும் ஆகிறது.

அந்தக் குழுவில் என்னைப் போடும்படி கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு லேப்டாப்பும் யாருடையது, எதற்கு, எந்தப் போர்ட்டில் செருகப்படும், வேலை முடிந்ததும் எப்போது வெளியே போகும் என்று பட்டியல் போட வேண்டும். திங்கட்கிழமை தொடங்குகிறேன்.