தாஷ்கண்ட் ஆகஸ்டில்தான் முடிவெடுக்கும்

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சீனா, இந்தோனேசியா, வங்காளதேசம் எல்லாம் எங்களுக்குப் பழகிய தடங்கள். மத்திய ஆசியாவையும் பாருங்கள் என்று மேலிடம் சொன்னபோது மூத்தவர்கள் கஜகஸ்தானை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உஸ்பெகிஸ்தான் வந்தது. ஒரு சேர்க்கைப் பருவத்தை முழுதாகப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். இதே தொழிலில் இருக்கும் நம்மவர்கள் மலேசியாவிலும் இந்தியாவிலும் நிறையப் பேர். யாருக்காவது உதவட்டும்.

முதலில் அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம். மக்கள்தொகை மூன்றரைக் கோடிக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 30 வயதுக்குள். 2016-ல் அதிபர் கரீமோவ் இறந்து, அந்த இடத்துக்கு மிர்சியோயெவ் வந்த பிறகுதான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2017-ல் நாணய மாற்றுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். நாட்டை விட்டு வெளியே போக அரசிடம் தனி அனுமதி வாங்கும் வழக்கம் 2019 தொடக்கத்தோடு போனது. பணத்தை மாற்ற முடியாமல், ஆளும் வெளியேற முடியாமல் இருந்த ஊரில் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன வேலை இருந்திருக்கும்? அதனால்தான் எல்லாரும் இப்போது ஓடுகிறார்கள்.

ஆனால் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே கூட்டம். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் 2002-லேயே தலைநகர் தாஷ்கண்டில் கடை போட்டுவிட்டது. அப்புறம் சிங்கப்பூரின் எம்.டி.ஐ.எஸ்., இத்தாலியின் தூரின் பாலிடெக்னிக், கொரியாவின் இன்ஹா என்று வரிசை. 2019-ல் இந்தியாவிலிருந்து அமிட்டி தாஷ்கண்டுக்கும், சாரதா அந்திஜானுக்கும் வந்தன. புறப்படும் முன் எங்கள் கூட்டத்தில் சக மலேசியப் பல்கலைக்கழகங்களைப் போட்டியாளர்களாகப் பட்டியல் போட்டோம். போன பிறகு தெரிந்தது: ஒரு தாஷ்கண்ட் அம்மா நம்மை ஒப்பிடுவது கோலாலம்பூருக்குப் பக்கத்துச் சுபாங் ஜெயாவில் இருக்கும் இன்னொரு கல்லூரியோடு அல்ல. வீட்டிலிருந்து மெட்ரோவில் போய் வரக்கூடிய, வெளிநாட்டுப் பட்டம் தருகிற கிளையோடுதான்.

மாணவர்களைச் சந்திக்க நாங்கள் மேசை போடும் கல்விக் கண்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டல் கூடம், மேசை, பதாகை, பேனா. பிள்ளைகள் கும்பலாக வருவார்கள், பையை வாங்கிக்கொள்வார்கள், தற்படம் எடுப்பார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கும். மேலிடத்துக்கு அனுப்ப அழகான படங்களும் கிடைக்கும். அந்தப் பட்டியலிலிருந்து விமானம் ஏறியவர்கள் மிகச் சிலர்.

அங்கே எனக்கு வியப்பாக இருந்தது பிள்ளைகளின் ஆங்கிலம். ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு போன எங்களிடம், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு 7 வாங்கிய பதினேழு வயதுப் பெண் சரளமாகப் பேசினாள். தெருவுக்குத் தெரு ஆங்கிலப் பயிற்சி மையங்கள். நம் ஊர் டியூஷன் சென்டர் வாசலில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் படத்தை ஒட்டுவதுபோல், அங்கே 7.5, 8 என்று எண்ணோடு பிள்ளைகளின் முகத்தைப் பெரிய பலகையில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் உள்நாட்டுக் கல்லூரி நுழைவிலும் மொழிப் பாடத்துக்குக் கைகொடுக்கிறது. ஆகவே வெளிநாடு போகிற எண்ணம் இல்லாதவனும் எழுதுகிறான்.

இந்த மையங்களின் ஆசிரியர்கள்தான் உண்மையான வாசல் என்பது பெர்கானா பள்ளத்தாக்குக்குப் போனபோது புரிந்தது. தாஷ்கண்டிலிருந்து ரயிலில் கம்சிக் சுரங்கத்தைக் கடந்து போகவேண்டும். 19 கிலோமீட்டர், 2016-ல் திறந்தது. அந்தப் பள்ளத்தாக்கு ஊரான நமங்கானில் ஒரு மையத்தில் ஆசிரியர் அறையிலேயே சாப்பாடு. நடுவில் ஒரே பெரிய தட்டில் பிலாவ், பக்கத்தில் வட்ட ரொட்டி. பச்சைத் தேநீரை முதலில் கோப்பையில் ஊற்றி, மறுபடி கெண்டியிலேயே கொட்டி, மூன்று முறை இப்படிச் செய்த பிறகுதான் எனக்குத் தந்தார். கோப்பையில் பாதிகூட நிரப்பவில்லை. விருந்தாளிக்கு அடிக்கடி ஊற்றித் தருவதுதான் மரியாதையாம். அவருக்குப் பின்னால் வெள்ளைப் பலகையில் மாணவர் பெயர்கள், பக்கத்தில் இலக்கு மதிப்பெண், அதற்கும் பக்கத்தில் நாடு. கொரியா, துருக்கி, கொரியா, ஜெர்மனி, கொரியா. மலேசியா ஓரிடத்தில் இருந்தது, கேள்விக்குறியோடு.

அவர் கமிஷன் கேட்பார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு. “விண்ணப்பம் போட்டால் எத்தனை நாளில் பதில் வரும்? பிள்ளையின் அப்பா தினமும் எனக்குத்தான் போன் செய்வார்.” அந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் அலுவலகம் மின்னஞ்சலில் இயங்குகிறது. உஸ்பெகிஸ்தான் டெலிகிராம் செயலியில் இயங்குகிறது. அனுமதிக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு இரண்டு வாரம் காத்திருப்போம். பிள்ளை அந்த அஞ்சல்பெட்டியைத் திறந்தே பார்த்திருக்காது. டெலிகிராமில் ஒரு வரி தட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் பதில், கூடவே அம்மாவின் குரல் செய்தியும். ஒரு சங்கடம், அவர்களுக்கு இரவு ஒன்பது என்றால் நமக்கு நள்ளிரவு. அப்பா வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, குடும்பமாக உட்கார்ந்து பேசுகிற நேரம் அதுதான். முடிவும் அப்போதுதான் எடுக்கப்படுகிறது.

அப்பாக்களின் கேள்விகள் எப்போதும் மூன்றுதான். முதலாவது, உலகத் தரவரிசை. இது வெறும் பெருமைக்காக இல்லை. வெளிநாட்டுப் பட்டத்தை அங்கே அரசு அங்கீகரிக்க வேண்டும். தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குள் வரும் பல்கலைக்கழகம் என்றால் தேர்வு எழுதாமலே அங்கீகாரம் கிடைக்கும். நம் பெயர் அதில் இருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றாலும் சொல்லிவிடுங்கள், எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஏன் ஓராண்டு அதிகம்? அங்கே பள்ளிப் படிப்பு 11 ஆண்டுகள். எங்களிடம் நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர அது போதாது; முதலில் அடித்தளக் கல்வி ஓராண்டு படிக்கவேண்டும். ரஷ்யாவிலும் பள்ளி 11 ஆண்டுதான், அங்கே நேராகச் சேரலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கைநழுவினார்கள். அடித்தளக் கல்வியை ‘தயாரிப்பு’ என்று சொல்லி விற்கப் பார்த்தோம், எடுபடவில்லை. நான்கு ஆண்டுக்கான மொத்தச் செலவை, தங்குமிடம் உட்பட, ஒரே தாளில் எழுதிக் கொடுத்ததும் பேச்சு திசைமாறியது. கடைசித் தொகை ஐரோப்பாவை விடக் குறைவு என்பது தெரிந்தால் அந்த ஓராண்டை மன்னித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, படித்துக்கொண்டே வேலை செய்யலாமா? மலேசியாவில் வெளிநாட்டு மாணவர் பகுதிநேர வேலை செய்வதற்கு வரம்பு கடுமை: ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், வாரம் 20 மணி நேரம்வரை, உணவகம், பெட்ரோல் நிலையம் போன்ற சில இடங்களில் மட்டும், அதுவும் அனுமதியோடு. நான் இதை அப்படியே சொன்னேன். பக்கத்து மேசையில் ஒரு முகவர் “எல்லாம் பார்த்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குத்தான் கூட்டம். ஆனால் சம்பாதித்துக் கட்டணம் கட்டலாம் என்று நம்பி வருகிற பிள்ளை இரண்டாம் பருவத்தில் காணாமல் போகும். அதற்குப் பதில் சொல்லப்போவது நாங்கள்தான். அம்மாக்களுக்கு வேறு கேள்விகள்: ஹலால் சாப்பாடு, பெண்கள் விடுதி, இரவு எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள். இதிலெல்லாம் மலேசியாவுக்கு உழைக்காமலே வெற்றி.

இனி காகிதம். பெயரில் தொடங்கும் தலைவலி. பிறப்புச் சான்றிதழ் ரஷ்ய மொழியில் உள்ளதுபோன்ற சிரிலிக் எழுத்தில், பள்ளிச் சான்றிதழ் லத்தீன் எழுத்தில், நோட்டரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு ரஷ்ய முறையில். ஹசனோவ் என்ற ஒரே பையன் ஒரு தாளில் எக்ஸ் எழுத்தில் தொடங்குகிறான், இன்னொன்றில் கே-எச். சில தாள்களில் ‘இன்னாரின் மகன்’ என்று தகப்பன் பெயர் வாலாக ஒட்டியிருக்கும், சிலவற்றில் இருக்காது. மலேசிய அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, அதாவது ‘இன்னாரின் மகன்’ என்று போட்டுக்கொண்டு வாழ்கிற எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் பதிவுப் பிரிவுக்குப் புரியவைக்கத்தான் காலம் பிடித்தது. இப்போது விண்ணப்பம் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டின் படத்தைக் கேட்டு வாங்குகிறோம். அதில் உள்ள எழுத்து எதுவோ அதுவே எல்லா மொழிபெயர்ப்பிலும் வரவேண்டும் என்று நோட்டரியிடம் போகும் முன்பே சொல்லிவிடுகிறோம். மாணவர் அனுமதிக்கான (விசா) விண்ணப்பம் ஈ.எம்.ஜி.எஸ். என்ற மலேசிய அமைப்பின் வழியாகத்தான் போகிறது, அங்கே ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் கோப்பு திரும்பி வரும்.

அப்புறம் முத்திரை. எங்கள் அனுமதிக் கடிதத்தின் அடியில் ‘இது கணினியில் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை’ என்று ஒரு வரி உண்டு. சோவியத் வழியில் வளர்ந்த அலுவலகப் பழக்கத்தில் வட்டமான நீல முத்திரை இல்லாத தாள் தாளே அல்ல. சமர்கண்டில் ஒரு வங்கியில் பணம் அனுப்பப் போன அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்: கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒப்பந்தம் வேண்டும், கட்டண விவரத்தோடு. எங்கள் நிதிப் பிரிவில் ஒப்பந்தம் என்ற வழக்கமே கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பக்கத்தில் ஒன்றைத் தயாரித்து, ரஷ்ய மொழியில் ஒரு பத்தியும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியுமாக அச்சடித்து, பதிவாளரிடம் வட்ட முத்திரை வாங்கினேன். அந்த இரண்டு பக்கம் கண்காட்சிப் பதாகைகள் எல்லாவற்றையும் விட அதிகப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது என்று துணிந்து சொல்வேன்.

சமர்கண்ட் என்றதும் ஒன்று. அந்த ஊர் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இந்திய மாணவர்கள் நிறையப் பேர். ஓர் இந்திய மெஸ்ஸில் மதுரைப் பையன்கள் இருவர், என் தமிழைக் கேட்டுவிட்டு, “அண்ணா, நீங்க எந்த ஏஜென்சி?” என்றார்கள். நான் இங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவன் என்றதும் நம்பவே இல்லை. “இங்க இருந்து வெளிய படிக்கப் போறாங்களா?”

போகிறார்கள், ஆனால் ஆகஸ்டில்தான் முடிவெடுப்பார்கள். கோடையில் அரசு நுழைவுத்தேர்வு. முடிவு வரும்வரை எந்தக் குடும்பமும் நம்மிடம் பணம் கட்டாது. அரசுச் செலவில் இடம் கிடைத்தால் வெளிநாட்டுப் பேச்சுக்கே இடமில்லை. கிடைக்காவிட்டால் மறுநாள் காலையிலேயே டெலிகிராம் அலறும், எல்லாருக்கும் செப்டம்பர் வகுப்பு வேண்டும். மாணவர் அனுமதிக்குப் பல வாரம் ஆகும் என்பதால் அது நடக்காத காரியம். மே, ஜூனிலேயே தாள்களைச் சரிபார்த்து, பெயர் எழுத்துகளைத் திருத்தி, கோப்பைத் தயாராக வைத்திருந்த பிள்ளைகளை மட்டும் தாமதமாக, ஆனால் அந்த ஆண்டிலேயே சேர்க்க முடிந்தது. மற்றவர்களுக்கு ஜனவரி என்றோம். அதில் பாதிப் பேர் அதற்குள் துருக்கிக்கோ, பக்கத்துத் தெருக் கிளைக்கோ போய்விட்டார்கள்.

வரும் பருவத்துக்கு இரண்டு மாற்றம் கேட்டிருக்கிறேன். ஒரு கண்காட்சியைக் கைவிட்டு அந்தப் பணத்தில் பள்ளத்தாக்கு ஊர்களின் மையங்களுக்கு வசந்தத்திலேயே போவது. அப்புறம், எங்களிடமே படித்து முடித்த உஸ்பெக் பட்டதாரி ஒருவரைத் தாஷ்கண்டில் பகுதிநேரமாக அமர்த்தி, மாலை ஏழிலிருந்து பத்துவரை டெலிகிராமில் உட்காரவைப்பது. முதலாவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டாவதை மனிதவளப் பிரிவு எந்தப் பதவியில் சேர்ப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அதுவரை நள்ளிரவுக் குரல் செய்திகள் என் போனுக்குத்தான் வருகின்றன.